முக்திநாத் பேக்கேஜ் ரிவ்யூ: அம்மாவ கூட்டிட்டு போக பிரிக்ஃபீல்ட்ஸ் ஏஜென்ட் சரியா?

கோலாலம்பூர்ல நேபாளத்து முக்திநாத் பெருமாள் கோயிலுக்கு யாத்திரை பேக்கேஜ் தேடுறவங்க ஏஜென்ட்டுக்கு போன் போட்டா விலை கேப்பாங்க, அப்புறம் ஹோட்டல் எப்படி, அப்புறம் சாப்பாடு சைவமா, காலையில பசியாற இட்லி கிடைக்குமான்னு கேப்பாங்க. நான் இப்ப போயிட்டு வந்துட்டு சொல்றேன், இதெல்லாம் கேக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊர்ல படுக்க வைக்கிறீங்க, அந்த ஊரு எத்தன மீட்டர் உயரம். இதுக்கு டக்குன்னு பதில் சொல்லத் தெரியாத ஏஜென்ட்கிட்ட அப்பா அம்மாவ ஒப்படைக்காதீங்க, விலை எவ்ளோ கம்மியா இருந்தாலும் சரி.

இந்த ரிவ்யூ பிரிக்ஃபீல்ட்ஸ்ல பூமாலை கடைங்களுக்கு மேல மாடியில இருக்குற ஒரு சின்ன யாத்திரை ஆபீஸ் பத்தி. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் நடத்துறாங்க, அக்கா ஆபீஸ பாத்துக்குறாங்க, அண்ணன் ஒவ்வொரு குரூப்போடயும் கூடவே மேல வர்றாரு. மத்த இடத்தவிட ஆயிரம் வெள்ளிக்கு மேல அதிகம், அதனாலயே எங்க சொந்தக்காரங்க பாதி பேரு "எதுக்கு லா இவ்ளோ காசு, எல்லாரும் காட்டுறது அதே கோயில்தானே"ன்னு கேட்டாங்க. கோயில் அதேதான், நான் மறுக்கல. அந்த அதிகப்படி காசு போறது நடுவுல வர்ற ராத்திரிங்களுக்கு. 5க்கு 4 கொடுக்குறேன், அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன்.

முக்திநாத் 3,710 மீட்டர். நம்ம கெந்திங் மேல சுமார் 1,800 மீட்டர்தான், அதுக்கே பஸ் ஏறும்போது காது அடைக்குது, ஸ்வெட்டர் தேடுறோம். கினபாலு உச்சி 4,095. ஆனா கினபாலு ஏறுறது பெரும்பாலும் இளவட்டப் பசங்க, முக்திநாத் போறது நம்ம வீட்டு 60, 70 வயசு ஆளுங்க, சக்கரை இருக்கும், பிரஷர் இருக்கும், முட்டி வலி இருக்கும், 108 திவ்யதேசத்துல ஒண்ணு, திருமங்கையாழ்வார் பாடின திருச்சாளக்கிராமம், சாகுறதுக்குள்ள ஒரு தடவ சேவிச்சிடணும்னு மனசுல வச்சிருப்பாங்க. அவங்கள போக்ராவுல காலையில ஜீப்புல ஏத்தி அன்னைக்கு ராத்திரியே கோயில் அடிவாரத்துல ராணிபௌவாவுல படுக்க வைக்கிற பேக்கேஜ் நிறைய இருக்கு. போக்ரா சுமார் 820 மீட்டர், ராணிபௌவா 3,700 பக்கம். ஒரே பகல்ல கிட்டத்தட்ட 2,900 மீட்டர் ஏத்தம், அந்த உயரத்துலயே தூக்கம் வேற.

காத்துல ஆக்ஸிஜன் எங்க போனாலும் 21 சதவீதம்தான், அது மாறாது. மாறுறது காத்தழுத்தம். மேல போகப் போக அழுத்தம் குறையுறதால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்ஸிஜன் குறையும், 3,700 மீட்டர்ல நம்ம ஊர்ல கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குகூட முழுசா வராது. உடம்பு இதுக்கு பழகிக்கும், வேகமா மூச்சு விட ஆரம்பிக்கும், கிட்னி அதுக்கேத்த மாதிரி வேலைய மாத்திக்கும், ஆனா அதுக்கு நாள் வேணும். நாள் கொடுக்காம ஏத்துனா தலைவலி, வாந்தி வர்ற மாதிரி, சாப்பாடு பிடிக்காம போறது, தலை சுத்தல், அசதி, தூக்கம் வராம போறது. இதத்தான் ஏ.எம்.எஸ், அதாவது மலை நோய்னு சொல்றாங்க. மேல போன உடனே வராது, பெரும்பாலும் ஆறுல இருந்து பன்னெண்டு மணி நேரம் கழிச்சு, அதாவது நல்லா சேவிச்சுட்டு சந்தோஷமா படுத்த பிறகு நடு ராத்திரியில வரும், டாக்டர் பக்கத்துல இல்லாத நேரத்துல. அதனாலதான் மலை டாக்டருங்க பகல்ல எவ்ளோ உயரம் போனீங்கன்றத விட ராத்திரி எங்க தூங்குறீங்கன்றதுக்கு அவ்ளோ முக்கியத்துவம் கொடுக்குறாங்க. 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஓய்வு நாள் வேணும்ன்றது அவங்க கணக்கு.

இந்த ஏஜென்ட் பண்றது என்னன்னா, காட்மாண்டு (1,400 மீட்டர்), அப்புறம் போக்ரா, அப்புறம் ரோட்டு வழியா தாதோபானியில ஒரு ராத்திரி, அது 1,200க்கு கொஞ்சம் கீழ, சுடுதண்ணி ஊத்து இருக்குற ஊரு, அங்கருந்து ஜோம்சோம் பக்கம் 2,700 மீட்டர்ல ரெண்டு ராத்திரி, அதுக்கப்புறம்தான் காலையில கிளம்பி முக்திநாத், தரிசனம் முடிச்சு மத்தியானமே இறங்கி காக்பேனி, அது 2,800. அதாவது 3,710ல யாரும் தூங்குறதே இல்ல. அதுக்கு மேல ஒரு நாள் சும்மா விட்டு வச்சிருக்காங்க, எதுவும் பிளான் இல்லாம. நான் முதல்ல அந்த நாள பாத்துட்டு "இந்த நாள எடுத்துட்டு விலைய குறைங்கக்கா"ன்னு கேட்டேன், அக்கா சிரிக்கல, கோவப்படல, "அந்த நாள் இல்லாம நான் வயசானவங்கள கூட்டிட்டு போகமாட்டேன்மா, வேற ஏஜென்ட் பாத்துக்குங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சாங்க. வியாபாரத்துல இப்படி பேசுறவங்கள நான் பாத்தது குறைவு.

ஹெலிகாப்டர்ல போயிட்டு உடனே வந்துடுறது நல்லதுதானேன்னு சில பேரு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். சீக்கிரம் இறங்கிடுறதால ஏ.எம்.எஸ் முழுசா வர்றதுக்கு நேரம் கிடைக்காது, அது உண்மை. ஆனா உடம்பு கொஞ்சம்கூட பழகாம திடீர்னு அந்த உயரத்துல இறங்கி படி ஏறுனா மூச்சு வாங்குறது, மயக்கம் வர்றது நடக்கும், இதய நோய் இருக்குறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல. வானிலை மாறி ஹெலிகாப்டர் திரும்ப கிளம்பலன்னா அங்கதான் ராத்திரி. ஜோம்சோம் பிளேனும் அப்படித்தான், காளி கண்டகி ஆத்துப் பள்ளத்தாக்குல முற்பகலுக்கு மேல காத்து பயங்கரமா அடிக்கும், அதனால காலையில மட்டும்தான் பறக்கும், மேகம் இருந்தா அதுவும் கேன்சல். 2022 மே மாசம் போக்ராவுல இருந்து ஜோம்சோம் போன சின்ன பிளேன் மலையில மோதி உள்ள இருந்த 22 பேரும் இறந்துட்டாங்க. அண்ணன் இத மறைக்காம பிரீஃபிங்லயே சொன்னாரு, பிளேன் வேணும்னா ஏற்பாடு பண்றேன், ஆனா கேன்சல் ஆனா கத்தக்கூடாது, பைலட் வேணாம்னா வேணாம்னாரு.

அந்த பிரீஃபிங்தான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எல்லாரையும் ஒரு ஞாயித்துக்கிழம வரச் சொல்லி உக்கார வச்சு பேசுனாங்க, வடை டீ எல்லாம் கொடுத்து. ஒவ்வொருத்தர் மருந்து லிஸ்ட்டும் வாங்குனாங்க. ஒரு அங்கிள் இதயத்துல ஸ்டென்ட் வச்சு கொஞ்ச மாசம்தான் ஆகுது, அவர் டாக்டர் லெட்டர் கொண்டு வராம பேர் எழுதமாட்டேன்னு சொல்லிட்டாங்க, அவரு பணம் கட்ட ரெடியா நின்னும். வாராவாரம் பத்துமலை 272 படி ஏறி இறங்கி பழகச் சொன்னாங்க, பினாங்குல இருந்து வர்றவங்க தண்ணீர்மலை ஏறுங்கன்னாங்க. ஆனா கூடவே ஒண்ணு சொன்னாங்க பாருங்க, "படி ஏறுனா முட்டியும் நெஞ்சும் பழகும், உயரத்துக்கு பழகாது, நல்ல உடம்புக்காரனுக்கு மலை சலுகை கொடுக்காது". இது நூத்துக்கு நூறு நிஜம்னு மேல போய் பாத்தோம்.

மாத்திரை விஷயமும் தெளிவா பேசுனாங்க. டயமாக்ஸ் (அசிட்டசோலமைட்) வழக்கமா தடுப்புக்கு 125 மில்லிகிராம் காலையும் சாயந்தரமும், ஏறுறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும், ஆனா ஏஜென்ட் கொடுக்குற மாத்திரை இல்ல இது, உங்க டாக்டர்ட்ட போய் கேட்டு வாங்குங்கன்னு தெளிவா சொல்லிட்டாங்க. சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க, கிட்னி கோளாறு இருக்குறவங்க கண்டிப்பா சொல்லிடணும். விரல் நுனி மரத்துப் போன மாதிரி சுருக்கு சுருக்குன்னு இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பயப்படாதீங்கன்னு முன்னாடியே சொன்னது ரொம்ப உதவுச்சு, இல்லன்னா எங்க அம்மா விரல் மரத்ததுக்கே ஸ்ட்ரோக்னு பயந்திருப்பாங்க. தூக்க மாத்திரை வேணாம், தண்ணியடிக்க வேணாம். போற வழியில மார்ஃபான்னு ஒரு ஊரு, ஆப்பிள் தோட்டத்துக்கு பேர் போன ஊரு, அங்க ஆப்பிள் பிராந்தி எல்லா கடையிலயும் வச்சிருப்பான், நம்ம அண்ணனுங்க கண்ணு அங்கதான் போகும். கீழ இறங்குன பிறகு வாங்கிக்குங்கன்னு அண்ணன் கண்டிப்பா சொல்லிட்டாரு.

சக்கரைக்காரங்களுக்கு தனியா அரை மணி நேரம் பேசுனாங்க, இத மத்த ஏஜென்ட்டுங்க யாராவது பண்றாங்களான்னு தெரிஞ்சிக்க ஆசையா இருக்கு, ஏன்னா நம்ம ஆளுங்க குரூப்ல சக்கரை இல்லாதவங்கள எண்ணுறதுதான் சுலபம். மேல பசி எடுக்காது, சாப்பாடு பாதியா குறையும், ஆனா இன்சுலினும் மாத்திரையும் பழைய அளவே போட்டுக்கிட்டா சக்கரை தடால்னு இறங்கிடும். லோ சுகர்ல வர்ற தலைசுத்தல், குழப்பம், நடுக்கம் எல்லாம் பாக்க மலை நோய் மாதிரியே இருக்கும், ரெண்டையும் குழப்பிக்கிட்டா ஆபத்து. அதனால தலை சுத்துனா உடனே குத்தி பாருங்க. இன்சுலின் உறைஞ்சா வீணாயிடும், வண்டி டிக்கியில போடுற பேக்ல வைக்காம உடம்போட ஒட்டின உள் பாக்கெட்டுல வைக்கணும், குளுகோமீட்டரும் குளிர்ல தப்பு ரீடிங் காட்டும், அதையும் சட்டைக்குள்ள வச்சு சூடு பண்ணிட்டு பாருங்க. அம்மா ரெண்டையும் ஜாக்கெட்டுக்குள்ள ஒரு துணிப் பையில தொங்க விட்டுக்கிட்டாங்க, ராத்திரி கம்பளிக்குள்ளயும் அது கூடவேதான்.

இதுல பெரிய பிரச்சன விரதம். காக்பேனியில ஆத்தங்கரையில அப்பாவுக்கு திதி கொடுக்கணும்னு அம்மாவுக்கு பல வருஷ ஆச, காளி கண்டகியும் ஜோங் ஆறும் சேர்ற இடம் அது, பித்ரு காரியம் பண்ண ஜனங்க எங்கெங்க இருந்தோ வர்றாங்க. அம்மா காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம இருப்பேன்னு நின்னாங்க. நான் சொன்னா கேக்கல. அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்து, "அம்மா, ஐயாவுக்கு நீங்க நல்லா நின்னு எள்ளும் தண்ணியும் விடணும்ல, நடுவுல மயங்கி விழுந்தா அவருக்குத்தானே மனசு கஷ்டம், கஞ்சி குடிச்சுட்டு பண்ணுங்க, நான் சாஸ்திரிகிட்டயும் கேட்டுட்டேன்"னு பொறுமையா பேசுனாரு. அம்மா கஞ்சி குடிச்சாங்க. கண்ணு கலங்காம திதி முடிச்சு நிமிந்து நடந்து வந்தாங்க. இந்த ஒரு விஷயத்துக்கே அந்த மனுஷனுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.

ஜோம்சோம்ல ரெண்டாவது ராத்திரி நடந்தத சொல்லாம இந்த ரிவ்யூ முழுசாகாது. குரூப்ல கிள்ளான்ல இருந்து ஒரு தம்பி, பாட்டிய கூட்டிட்டு வந்தவன், ஜிம் உடம்பு, எங்க எல்லாரோட பேக்கையும் தூக்கிக் கொடுத்தவன். அவனுக்குத்தான் தலைவலி, வாந்தி. பாட்டி ஜம்முன்னு இருந்தாங்க. தினமும் காலையும் சாயந்தரமும் அண்ணன் விரல்ல ரத்தத்து ஆக்ஸிஜன் அளவு காட்டுற ஆக்ஸிமீட்டர் மாட்டி நோட்டுல எழுதுவாரு, நம்பர் மட்டும் பாத்து முடிவு பண்ணமாட்டாரு, மருதாணி வச்ச விரலு, சில்லுன்னு இருக்குற விரலு எல்லாம் தப்பா காட்டும்னு அவருக்குத் தெரியும், தலைவலி இருக்கா, சாப்டியா, தூங்குனியான்னு கேட்டு அதையும் சேத்து எழுதுவாரு. அன்னைக்கு தம்பிய தரையில ஓடு சேர்ற கோட்டு மேல குதிகாலும் கால் விரலும் ஒட்டுற மாதிரி அடி வச்சு நேரா நடக்கச் சொன்னாரு. தம்பி தடுமாறாம நடந்தான். தடுமாறியிருந்தா, இல்ல பேச்சு குழறியிருந்தா அது மூளை வீக்கம், அப்ப ராத்திரின்னு பாக்காம அந்த நிமிஷமே வண்டி எடுத்து கீழ இறக்கியிருப்பேன்னாரு. அதே மாதிரி சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறது, விடாத இருமல், சளியில ரோஸ் கலர் நுரை, இதெல்லாம் நுரையீரல்ல தண்ணி கோக்குற அறிகுறி, மலை நோயில அதிகம் ஆள காவு வாங்குறது அதுதான், அதுக்கும் மருந்து முதல்ல இறக்கம், கூடவே ஆக்ஸிஜன், மத்ததெல்லாம் பிறகு.

தம்பிக்கு வந்தது சாதாரண ஏ.எம்.எஸ். கூட வந்த சொந்தக்காரங்க "ரெண்டு பனடோல் போட்டுட்டு காலையில எங்களோட வந்துடட்டும், இவ்ளோ தூரம் வந்துட்டு பெருமாள பாக்காம எப்படி"ன்னு சண்ட போட்டாங்க. அண்ணன் மசியல. அறிகுறி இருக்கும்போது ஒரு மீட்டர்கூட மேல இல்லன்னு சொல்லிட்டு, லோக்கல் கைடு ஒருத்தர தம்பியோட விட்டுட்டுதான் எங்கள ஏத்துனாரு, தனியா ரூம்ல படுக்க விடல. அன்னைக்கு முழுக்க ஓய்வு, அடுத்த நாள் காலையில தலைவலி சுத்தமா இல்ல, சோறு நல்லா சாப்டான். அந்த சும்மா விட்டு வச்ச நாள் இருந்துச்சே, அன்னைக்கு தம்பிய வேற ஜீப்ல கூட்டிட்டு போய் தரிசனம் பண்ண வச்சு சாயந்தரம் எங்களோட சேத்துட்டாரு. நான் குறைக்கச் சொன்ன நாள்தான் அது. அந்த நாள் இல்லாத பேக்கேஜா இருந்திருந்தா தம்பி முக்திநாத் பாக்காமலே கோலாலம்பூர் திரும்பியிருப்பான், இல்ல அரைகுறை உடம்போட மேல ஏத்தியிருப்பாங்க. நம்ம ஆளுங்க கோடாலி தைலம் தடவுறது, கற்பூரம் மோந்து பாக்குறது எல்லாம் பண்ணாங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும், பண்ணிக்குங்க, ஆனா அது மருந்து இல்ல. கடையில விக்கிற சின்ன டின் ஆக்ஸிஜனும் அப்படித்தான், கொஞ்ச நேரத்துல தீந்துடும், அத நம்பி மேல போகாதீங்க.

கோயில் பத்தி. ராணிபௌவாவுல வண்டி நிக்கும், அங்கருந்து மேல ஏத்தம், நடக்க முடியாதவங்களுக்கு குதிரை இருக்கு, மோட்டார்பைக் இருக்கு. குதிரைக்கு ஏறுறதுக்கு முன்னாடியே விலை பேசிடுங்க, ஏறி உக்காந்துட்டு பேரம் பேசி அந்த பையன்கிட்ட குரல் உசத்துறது நல்லாவே இல்ல, அன்னைக்கு வேற ஒரு குரூப்ல அத பாத்தேன், மனசு கஷ்டமா போச்சு. மெதுவா நடங்க, பேசிக்கிட்டே நடக்க முடியுற வேகம்தான் சரியான வேகம். அம்மா பத்து அடி நடந்து ஒரு நமஸ்காரம், பத்து அடி நடந்து ஒரு கோவிந்தா, அப்படித்தான் ஏறுனாங்க, கடைசியா வந்தாலும் தெளிவா வந்தாங்க.

அங்க போறவங்க ஒண்ணு புரிஞ்சிக்கணும், அது நம்ம கோயில் மட்டும் இல்ல. புத்த மதத்துக்காரங்களுக்கும் அது ரொம்ப புனிதமான இடம், நமக்கு பெருமாளா தெரியுற மூர்த்தி அவங்களுக்கு அவலோகிதேஸ்வரர், பிக்குணிகள்தான் காலம் காலமா அங்க சேவை பண்றாங்க, ஜ்வாலா மாயி சன்னதியில பூமிக்குள்ள இருந்து வர்ற இயற்கை வாயுவுல எரியுற அந்த சின்ன நீல ஜோதியையும் அவங்கதான் பாத்துக்குறாங்க. அவங்க முகத்துக்கு நேரா போன நீட்டி போட்டோ எடுக்குறது மரியாத இல்ல, கேட்டுட்டு எடுங்க, வேணாம்னா விட்டுடுங்க. கர்ப்பகிரகத்துக்குள்ள போட்டோவே கூடாது. வழியில மந்திரம் செதுக்குன கல்லு அடுக்கின சுவரு (மணி சுவரு), ஸ்தூபி, சுத்துற பிரார்த்தன உருளை வந்தா அத நம்ம வலது கை பக்கம் வச்சு சுத்திப் போங்க, நம்ம பிரதட்சணம் போறது மாதிரியேதான். பிரார்த்தன கொடி கட்டியிருக்குற கயித்த தாண்டி மிதிக்காதீங்க. காக்பேனியில 1429ல கட்டுன புத்த மடம் இருக்கு, உள்ள போனா செருப்பு வெளிய, சத்தம் வெளிய. சாப்பாட்டுல எச்சில் பாக்குற வழக்கம் நம்மள மாதிரியே அங்கயும் உண்டு, அதனால நம்ம பெரியவங்களுக்கு சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்ல, வலது கையால கொடுக்குறது வாங்குறது, அடுத்தவன் தட்டுல கை வைக்காம இருக்குறது, அடுப்படிக்குள்ள செருப்போட போகாம இருக்குறது, எல்லாம் நம்ம பாட்டி வீட்டுல பாத்ததுதான்.

108 தண்ணி வாய் பத்தி கண்டிப்பா எழுதணும். கோயில் பின்னாடி வளைஞ்ச சுவத்துல காளை முகத்துல இருந்து 108 இடத்துல தண்ணி விழும், எல்லாத்துலயும் தலைய காட்டிட்டு முன்னாடி இருக்குற ரெண்டு குளத்துல முங்கி எழுறது வழக்கம். தண்ணி பனி உருகி வர்றது. சக்கரை, பிரஷர் உள்ள பெரியவங்க அந்த குளிர்ல முழுசா நனைஞ்சு, ஈரத் துணியோட காத்துல நின்னா உடம்புச் சூடு மளமளன்னு இறங்கிடும், திடீர் குளிர்ல பிரஷரும் எகிறும். அண்ணன் எல்லா பெரியவங்களுக்கும் ப்ரோக்ஷணம் போதும்னு சொல்லி, கையால எடுத்து தலையில தெளிச்சுக்க வச்சாரு, 108லயும். முங்கியே ஆகணும்னு நின்ன ரெண்டு பேருக்கு காஞ்ச துண்டு, மாத்து துணி, பிளாஸ்க்ல இஞ்சி டீ ரெடியா வச்சுதான் விட்டாரு. குளத்துல சோப்பு ஷாம்பு போடுறது, நனைஞ்ச துணிய அங்கயே விட்டுட்டு வர்றது, நம்ம ஜனங்க சில பேரு பண்றாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க. அந்த தண்ணி கீழ இருக்குற ஊர்க்காரங்க வாழ்றதுக்கான தண்ணி. பிளாஸ்டிக் பாட்டிலும் அப்படித்தான், அன்னபூர்ணா பகுதி பூரா சுத்தம் பண்ணுன தண்ணி விக்கிற ஸ்டேஷன் வச்சிருக்காங்க, வீட்டுல இருந்து பாட்டில் கொண்டு போய் ரொப்பிக்குங்க.

இப்ப அந்த ஒரு ஸ்டார். முதல் குறை, அவங்க கொடுத்த ஹெல்த் நோட்ஸ் பூரா இங்கிலீஷ்ல இருந்துச்சு. குரூப்ல பாதிக்கு மேல தமிழ்ப்பள்ளியில படிச்ச பெரியவங்க, அவங்களுக்குத்தான அது முக்கியம்? அறிகுறி பட்டியல ஒரு பக்கம் தமிழ்ல பெரிய எழுத்துல அடிச்சுக் கொடுத்தா போதும். நான் அக்காகிட்ட சொன்னேன், நானே எழுதித் தர்றேன்னும் சொல்லியிருக்கேன். ரெண்டாவது, இன்ஷூரன்ஸ நம்ம தலையில விட்டுட்டாங்க. சாதாரண டிராவல் பாலிசியில எத்தன மீட்டர் உயரம் வரைக்கும்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், ஹெலிகாப்டர்ல இறக்குற செலவு உண்டா இல்லையான்னு இன்னொரு வரி இருக்கும், வயசு வரம்பு வேற. இவ்ளோ கவனமா இருக்குற ஏஜென்ட் இத மட்டும் "பாத்து எடுத்துக்குங்க"ன்னு விட்டது எனக்கு ஏமாத்தம்தான். போறவங்க பாலிசிய வாங்குறதுக்கு முன்னாடி 4,000 மீட்டர் வரைக்கும் உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. மூணாவது, ரெண்டு வண்டிக்கும் சேத்து ஒரே ஒரு பெரிய ஆக்ஸிஜன் சிலிண்டர்தான். ரெண்டு வண்டியும் பிரிஞ்சு போற நேரம் இருக்கு, அப்ப ஒரு வண்டியில ஒண்ணுமே இல்ல, இது சரி கிடையாது, அண்ணன்கிட்டயே நேரா சொல்லிட்டேன், அடுத்த குரூப்புக்கு ரெண்டு வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு.

வாடகைக்கு கொடுக்குற ஜாக்கெட் சுத்தமா இருந்துச்சு, ஆனா நம்ம ஆண்டிங்க சைஸுக்கு நிறைய இல்ல, முன்னாடியே போய் போட்டுப் பாத்து எடுத்து வச்சுக்குங்க. சன்ஸ்கிரீன், உதட்டுக்கு தடவுறது, கருப்புக் கண்ணாடி கண்டிப்பா வேணும், ஆயிரம் மீட்டர் ஏறுனா வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் மாதிரி கூடுதாம், குளிர் அடிக்குதுன்னு வெயில கண்டுக்காம விட்டவங்க மூக்கு தோல் உரிஞ்சுதான் திரும்பி வந்தாங்க. டாய்லெட் சில இடத்துல குந்தி உக்கார்றதுதான், முட்டி ஆபரேஷன் பண்ணவங்க முன்னாடியே கேட்டுக்குங்க. சாப்பாடு தால் பாத், அதாவது பருப்பும் சோறும், சூடா, சுத்தமா, கேட்டா மறுபடி மறுபடி போடுவாங்க, எங்க அம்மா ரசப்பொடி கொண்டு போனது நல்லதா போச்சு, பசி இல்லாத நேரத்துல அதுதான் உள்ள இறங்குச்சு.

யாருக்கு இந்த ஏஜென்ட் சரிவராது? நாலு நாள் லீவுல போயிட்டு வந்துடணும்னு நினைக்கிறவங்களுக்கு வேணாம், அவங்களும் உங்கள எடுக்கமாட்டாங்க. சளி இருமலோட ஏர்போர்ட் வந்தாலும் மேல ஏத்தமாட்டாங்க, காட்மாண்டுலயே வச்சுப் பாப்பாங்க. வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவங்க, சக்கரை பிரஷர் இருக்குறவங்க, முதல் தடவ உயரத்துக்கு போறவங்க, கண் மூடிக்கிட்டு இங்க போகலாம், அந்த ஆயிரம் வெள்ளி வீண் இல்ல. ஜூன்ல இருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைக்கும் மழையில ரோட்டுல மண் சரியும், அந்த மாசத்துல அவங்க குரூப் எடுக்குறதே இல்ல. மார்ச் கடைசியில இருந்து மே வரைக்கும், அப்புறம் அக்டோபர் நவம்பர், அவ்ளோதான். தீபாவளி லீவு குரூப் சீக்கிரமே ரொம்பிடுது, ஆடி மாசத்துலயே போய் கேளுங்க. வாட்ஸ்அப்ல பதில் வர ரெண்டு நாள் ஆகும், நேரா மாடி ஏறிப் போயிடுங்க, சாயந்தரம் அக்கா இருப்பாங்க, போறப்ப அப்பா அம்மாவோட மருந்து லிஸ்ட்ட கையோட எடுத்துட்டு போங்க, அது இல்லாம பேர் எழுதமாட்டாங்க.